ஜார்ஜ் சார்ட்டன்

ஜார்ஜ் ஆல்பிரட் லியோன் சார்ட்டன் (ஆகஸ்ட் 31, 1884 – மார்ச் 22, 1956) பெல்ஜியத்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த அறிவியல் வரலாற்றாளர் ஆவார். அறிவியல் வரலாறு தனியொரு கல்வித்துறையாக நிலைபெறுவதற்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகின்றார். 1913 ஆம் ஆண்டு முதல் வெளிவரும் ஐசிஸ் என்னும் ஆய்விதழை நிறுவி, 1952 வரை அதன் ஆசிரியராக இருந்தார். அறிவியல் வரலாற்றுக்கு ஓர் அறிமுகம் என்னும் பெருநூலை எழுதினார். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்துறையைக் கற்பித்தார்.

இயற்கை பற்றிய புதிய விதி எதனையும் சார்ட்டன் கண்டுபிடிக்கவில்லை. வரலாறு பற்றிய புகழ்பெற்ற கோட்பாடு எதனையும் அவர் விட்டுச் செல்லவும் இல்லை. ஆய்விதழ், நூல்விவரத் தொகுப்பு, கழகம், கையேடு, பாடத்திட்டம் ஆகிய கருவிகளே அவர் விட்டுச் சென்றவை. அவருடைய கருத்துகளில் பலவற்றைப் பின்வந்தோர் கைவிட்டுள்ளனர். ஆயினும் அக்கருவிகளில் பெரும்பாலானவை இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

இளமையும் கல்வியும்

சார்ட்டன் பெல்ஜியத்தின் கிழக்குப் பிளாண்டர்ஸ் மாகாணத்தில் உள்ள கெண்ட் நகரில் பிறந்தார். தந்தை ஆல்பிரட் சார்ட்டன் பெல்ஜிய அரசு தொடருந்துத் துறையில் உயர்நிலைப் பொறியாளர். தாயார் லியோனி வான் ஹால்மே. சார்ட்டன் பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் தாயார் காலமானார். உடன்பிறந்தோர் எவரும் இல்லாததால் இவருடைய இளமைக்காலம் பெரும்பாலும் தனிமையில் கழிந்தது. கெண்டிலும் பின்னர் சிமே என்னும் ஊரிலும் பள்ளிக்கல்வி பயின்றார்.

1902 இல் கெண்ட் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயிலச் சேர்ந்தார். அப்படிப்பு நிறைவளிக்காததால் சிறிது காலத்தில் அதனை விட்டு விலகினார். பின்னர் 1904 இல் மீண்டும் சேர்ந்து வேதியியல், படிகவியல், கணிதம் ஆகியவற்றைப் பயின்றார். வேதியியல் ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்காக 1908 இல் பெல்ஜியப் பல்கலைக்கழகங்கள் இணைந்து வழங்கிய தங்கப் பதக்கத்தைப் பெற்றார். நியூட்டனின் இயக்கவியல் கோட்பாடுகள் பற்றிய ஆய்வேட்டுக்காக 1911 இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் சமவுடைமைக் கருத்துகளில் ஈடுபாடு கொண்டிருந்தார். தோமினிக் டி பிரே என்ற புனைபெயரில் இலக்கியப் படைப்புகளும் எழுதினார்.

1911 சூன் மாதத்தில் எலினோர் மேபல் எல்விஸ் என்னும் ஆங்கிலேய ஓவியரை மணந்தார். 1909 இல் காலமான தந்தை சேர்த்து வைத்திருந்த திராட்சை மது வகைகளை விற்றுக் கிடைத்த பணத்தைக் கொண்டு, கெண்ட் அருகே வொண்டெல்கெம் என்னும் சிற்றூரில் தோட்டத்துடன் கூடிய வீடு ஒன்றை வாங்கினார். அவ்வூரில் 1912 மே மாதத்தில் அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தார். இவரே பிற்காலத்தில் அமெரிக்காவில் கவிஞராகவும் புதின ஆசிரியராகவும் அறியப்பட்ட மே சார்ட்டன் (1912–1995).

துறையின் அன்றைய நிலை

அறிவியலின் வரலாற்றைச் சார்ட்டனுக்கு முன்னரே பலர் எழுதியிருந்தனர். இங்கிலாந்தில் வில்லியம் ஹியூவெல் 1837 இல் தொகுப்புமுறை அறிவியல்களின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். செருமனியில் கார்ல் சூடாப் மருத்துவ வரலாற்றிலும், பிரான்சில் பியர் துயம் இடைக்கால இயற்பியலிலும் ஆழ்ந்த ஆய்வுகளை மேற்கொண்டனர். எனினும் வேதியியலின் வரலாற்றை வேதியியலாளரும் மருத்துவத்தின் வரலாற்றை மருத்துவரும் தத்தம் ஓய்வு நேரத்தில் எழுதுவதே பொதுவான வழக்கமாக இருந்தது. எல்லா அறிவியல்களையும் எல்லா நாடுகளையும் ஒன்றாக வைத்து நோக்கும் துறை ஒன்று உருவாகியிருக்கவில்லை.

அத்தகைய துறை வேண்டும் என்ற எண்ணத்தைப் பிரெஞ்சு மெய்யியலாளர் அகஸ்ட் கோம்ட் முன்வைத்திருந்தார். பாரிசில் உள்ள கொலேஜ் தெ பிரான்ஸ் நிறுவனத்தில் இதற்கெனப் பேராசிரியர் பதவி வேண்டும் என்று 1832 இல் அவர் அரசிடம் கேட்டார், கிடைக்கவில்லை. 1892 இல் அப்பதவி ஏற்படுத்தப்பட்டது. 1903 இல் அது காலியானபோது, தகுதியில் முன்னின்ற போல் டானரி (1843–1904) நியமிக்கப்படவில்லை. சார்ட்டன் கோம்டையும் டானரியையும் தம் முன்னோடிகளாகக் கொண்டார். டானரி தொடங்கிய பணியைத் தொடர்வதைத் தம் வாழ்நாள் கடமையாக ஏற்றார்.

ஐசிஸ் இதழ்

1912 இல் சார்ட்டன் இதழ் ஒன்றைத் தொடங்கத் திட்டமிட்டார். அப்போது அவருக்கு வயது 28. பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவரிடம் இல்லை. பண்டைய எகிப்தியத் தெய்வமான ஐசிசின் பெயரை இதழுக்குச் சூட்டினார். வேதியியலாளர்களான வில்லெம் ஆசுட்வால்டு, சுவாந்தே அரீனியஸ், சமூகவியலாளர் எமில் டர்க்கைம், உயிரியலாளர் ஜாக் லோப், அமெரிக்கக் கணித வரலாற்றாளர் டேவிட் யூஜின் சுமித் ஆகியோர் இதழின் ஆதரவுக் குழுவில் இடம்பெற்றனர். முதல் இதழ் 1913 இல் வெளிவந்தது. பிரெஞ்சு, ஆங்கிலம், செருமன், இத்தாலியம் ஆகிய மொழிகளில் கட்டுரைகள் ஏற்கப்பட்டன.

இதழின் முதன்மையான பகுதியாக விளங்கியது நூல்விவரத் தொகுப்பு ஆகும். உலகின் பல மொழிகளில் அறிவியல் வரலாறு குறித்து வெளியான நூல்களையும் கட்டுரைகளையும் சார்ட்டன் தேடிப் படித்தார். நூற்றாண்டு, நாகரிகம், பாடம் என்னும் அடிப்படைகளில் அவற்றை வகைப்படுத்தினார். பலவற்றுக்குச் சுருக்கமான மதிப்பீடும் எழுதினார். ஒரே பொருளை ஆராயும் இருவர் ஒருவரையொருவர் அறியாமல் இருந்த அக்காலத்தில், இத்தொகுப்பு அவர்களை இணைக்கும் பாலமாக அமைந்தது. தம் ஆசிரியப் பணிக்காலத்தில் இவர் 79 தொகுப்புகளை வெளியிட்டார்.

போரும் புலம்பெயர்வும்

1914 ஆகஸ்டில் செருமனிப் படைகள் பெல்ஜியத்திற்குள் நுழைந்தன. வொண்டெல்கெம் வீட்டிலும் செருமானியப் போர்வீரர்கள் தங்க வைக்கப்பட்டனர். பல ஆண்டுகளாகச் சேர்த்த ஆய்வுக் குறிப்புகளை ஒரு பெட்டியில் இட்டுத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, சார்ட்டன் குடும்பத்துடன் நெதர்லாந்து வழியாக இங்கிலாந்து சென்றார். நூலகத்தை விட்டுச் செல்ல நேர்ந்தது. ஐசிஸ் நின்றுபோனது.

இலண்டனில் போர் அலுவலகத்தில் கடிதத் தணிக்கைப் பணியில் இருந்தார். அதில் கிடைத்த ஊதியம் குடும்பத்தைக் காக்கப் போதவில்லை. எனவே மனைவியையும் மகளையும் இங்கிலாந்தில் விட்டு, 1915 இல் தனியாக அமெரிக்கா சென்றார். அவர்கள் 1916 இல் அவருடன் இணைந்தனர். தொடக்கக் காலத்தில் மேபல் சார்ட்டன் செய்த வடிவமைப்புப் பணிகள் குடும்ப வருவாய்க்குத் துணையாக இருந்தன. தோட்டத்தில் புதைக்கப்பட்ட குறிப்புகள் போர் முடிந்த பின்னர் மீட்கப்பட்டன. 1919 இல் ஐசிஸ் மீண்டும் வெளிவரத் தொடங்கியது.

அமெரிக்காவில்

இல்லினாய் பல்கலைக்கழகம், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் சார்ட்டன் சிறிது காலம் விரிவுரை ஆற்றினார். பின்னர் உயிர்வேதியியலாளர் லாரன்சு ஜோசப் ஹென்டர்சனின் முயற்சியால் 1916 முதல் 1918 வரை ஹார்வார்டில் விரிவுரையாளராக இருந்தார். ஹென்டர்சன் 1911 முதலே அங்கு அறிவியல் வரலாற்றுப் பாடம் ஒன்றை நடத்தி வந்தார். ஈராண்டு முடிந்ததும் பதவி நீட்டிக்கப்படவில்லை.

1918 சூலையில் வாஷிங்டன் கார்னகி நிறுவனம் இவரை ஆய்வாளராக நியமித்தது. அதன் தலைவர் ராபர்ட் உட்வர்ட் இவருடைய திட்டத்தில் நம்பிக்கை வைத்தார். 1949 இல் ஓய்வுபெறும் வரை இந்நிறுவனமே இவருக்கு ஊதியம் வழங்கியது. ஹார்வார்டின் வைடனர் நூலகம் வேலைக்கான இடம் அளித்தது. அதற்கு ஈடாகச் சார்ட்டன் அப்பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் பாடம் நடத்தினார். மாசச்சூசெட்சு மாநிலத்தின் கேம்பிரிட்ச் நகரே எஞ்சிய வாழ்நாளில் இவருடைய ஊராயிற்று.

ஐசிஸ் நீண்ட காலம் பொருள் இழப்பில் நடந்தது. இழப்பில் ஒரு பங்கைச் சார்ட்டன் தம் கைப்பணத்தைக் கொண்டு ஈடுசெய்தார். இந்நிலையில் இதழைத் தாங்கும் நோக்குடன் டேவிட் யூஜின் சுமித்தும் ஹென்டர்சனும் முன்னின்று, 1924 இல் பாஸ்டன் நகரில் அறிவியல் வரலாற்றுக் கழகத்தை உருவாக்கினர். இதழ் ஒன்றைக் காப்பதற்காகத் தொடங்கப்பட்ட கழகம் பின்னர் உலகளாவிய அமைப்பாக வளர்ந்தது.

அறிவியல் வரலாற்றுக்கு ஓர் அறிமுகம்

கார்னகி நிறுவனத்தில் சேர்ந்தபோது லியொனார்டோ டா வின்சியைப் பற்றி நூல் எழுதுவது சார்ட்டனின் எண்ணமாக இருந்தது. லியொனார்டோவின் கருத்துகளில் எவை அவருடையவை, எவை முன்னோரிடமிருந்து வந்தவை என்று பிரித்தறிய இடைக்கால அறிவியல் தெரிய வேண்டும். இடைக்காலத்தை அறிய அரபு, கிரேக்க அறிவியல்கள் தெரிய வேண்டும். இவ்வாறு பின்னோக்கிச் சென்ற ஆய்வு, தொடக்கம் முதல் எழுதப்படும் வரலாறாக மாறியது. திட்டமிட்ட லியொனார்டோ நூல் எழுதப்படவில்லை.

அறிமுகத்தின் முதல் தொகுதி 1927 இலும், இரண்டாம் தொகுதி 1931 இலும், மூன்றாம் தொகுதி 1947–1948 இலும் வெளிவந்தன. மூன்று தொகுதிகளும் ஐந்து நூற்பகுதிகளாக அமைந்து, 4,000 பக்கங்களுக்கு மேல் விரிகின்றன. முதல் தொகுதி ஓமர் தொடங்கி ஓமர் கய்யாம் வரை செல்கிறது. மூன்றாம் தொகுதி பதினான்காம் நூற்றாண்டை மட்டும் கூறுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எழுதுவதே சார்ட்டனின் முதல் திட்டமாக இருந்தது. எனினும் முப்பது ஆண்டு உழைப்புக்குப் பின் நூல் கி.பி. 1400 இல் நின்றது. காலம் நெருங்க நெருங்கச் சான்றுகள் பெருகியதும், ஒன்றையும் விடாமல் பதிவு செய்ய வேண்டும் என்ற அவருடைய முறையும் இதற்குக் காரணங்கள் ஆகும்.

நூலின் அமைப்பு தனித்தன்மை உடையது. முதல் இரு தொகுதிகளில் காலம் பெரும்பாலும் அரை நூற்றாண்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் அரை நூற்றாண்டும் அக்காலத்தின் சிறந்த அறிஞர் ஒருவரின் பெயரைத் தாங்குகிறது. அதனுள் சமயப் பின்னணி, மெய்யியல், கணிதம், வானியல், வேதியியல், புவியியல், மருத்துவம், சட்டம், மொழியியல் எனப் பிரிவுகள் வருகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் ஐரோப்பா, இசுலாமிய நாடுகள், இந்தியா, சீனா, சப்பான் ஆகியவற்றின் அறிஞர்கள் அருகருகே இடம்பெறுகின்றனர். ஆரியபட்டர், வராகமிகிரர், பிரம்மகுப்தர் முதலிய இந்திய அறிஞர்களும் அவ்வாறே இடம்பெற்றுள்ளனர்.

இவ்வமைப்பு ஒரு செய்தியை எளிதில் புலப்படுத்தியது. ஏழாம் நூற்றாண்டின் முதற்பாதி சீனப் பயணி யுவான் சுவாங்கின் பெயரைப் பெற்றது. எட்டாம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் பதினோராம் நூற்றாண்டின் இறுதி வரை ஜாபிர் இப்னு ஹய்யான், அல்-குவாரிசுமி, அல்-ராசி, அல்-மசூதி, அபுல் வபா, அல்-பிரூனி, ஓமர் கய்யாம் என ஏழு அரை நூற்றாண்டுகள் தொடர்ச்சியாக இசுலாமிய உலக அறிஞர்களின் பெயர்களைப் பெற்றன. கிரேக்கத்திலிருந்து நேராக மறுமலர்ச்சிக்கால ஐரோப்பாவுக்கு அறிவியல் தாவியது என்று பாடநூல்கள் கூறிவந்த காலத்தில், பொருளடக்கமே அதற்கு மறுப்பாக அமைந்தது. பாக்கித்தான் இயற்பியலாளரும் நோபல் பரிசு பெற்றவருமான அப்துஸ் சலாம் பிற்காலத்தில் தம் உரைகளில் இவ்வரிசையை எடுத்துக்காட்டினார்.

மொழிபெயர்ப்புகளை மட்டும் நம்பி அரபு அறிவியலை எழுத இயலாது என்று உணர்ந்த சார்ட்டன், நடுவயதில் அரபு மொழியைக் கற்கத் தொடங்கினார். 1931–1932 இல் மத்திய கிழக்கு நாடுகளிலும் வட ஆப்பிரிக்காவிலும் தங்கினார். அப்பயணத்தில் பெய்ரூத் நகரில் அரபு பயின்றார். மூன்றாம் தொகுதிக்காக அமெரிக்க இடைக்காலக் கல்விக்கழகத்தின் ஹாஸ்கின்ஸ் பதக்கம் 1949 இல் இவருக்கு வழங்கப்பட்டது.

சைமன் ஸ்டீவின் பற்றிய ஆய்வு

பெருநூலுக்கு அப்பால் இவர் எழுதிய கட்டுரைகளுள், பிளாண்டர்ஸ் நாட்டுக் கணிதவியலாளர் சைமன் ஸ்டீவின் (1548–1620) பற்றியவை குறிப்பிடத்தக்கவை. ஸ்டீவின் 1585 இல் வெளியிட்ட சிறுநூலில் தசமப் பின்னங்களைக் கொண்டு கணக்கிடும் முறையை வணிகரும் நில அளவையாளரும் புரிந்துகொள்ளும்படி விளக்கியிருந்தார். நாணயம், நீளம், எடை ஆகியவற்றையும் பத்தின் அடிப்படையில் அமைக்கலாம் என்றும் கூறியிருந்தார். 1930களில் ஐசிஸ் இதழில் வெளியான கட்டுரைகளில் சார்ட்டன் இதன் சிறப்பை ஆராய்ந்தார்.

இந்தியாவில் தோன்றிய பதின்ம இடமதிப்பு எண்முறை அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. அதனை ஒன்றுக்குக் குறைந்த அளவுகளுக்கும் பயன்படுத்தும் வழியை ஐரோப்பாவில் பரப்பியவர் ஸ்டீவின். மெட்ரிக் அளவை முறை பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னரே, 1790களில் உருவாயிற்று. ஒரு கருத்து பல நாடுகளின் கைகளில் மாறி மாறி வளர்வதற்கும், தெளிவாகச் சொல்லப்பட்ட பின்னும் வழக்கத்துக்கு வர இரு நூற்றாண்டுகள் ஆவதற்கும் இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

கற்பித்தல்

ஹார்வார்டில் சார்ட்டனின் பாடம் நீண்ட காலம் எந்தத் துறையிலும் முழுமையாகச் சேராமல் இருந்தது. பண்டைக் காலம் முதல் தற்காலம் வரையிலான அறிவியல் வரலாற்றை அவர் நடத்தினார். அறிவியல் மாணவர்களுக்கு வரலாற்றையும், வரலாற்று மாணவர்களுக்கு அறிவியலையும் அறிமுகப்படுத்துவதே இதன் நோக்கமாகும். அறிவியலைக் கற்காதவர் அதன் வரலாற்றை எழுத முடியாது என்பதிலும், மூல மொழிகளை அறியாதவர் பண்டைய அறிவியலை ஆராய முடியாது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார்.

1936 இல் ஹார்வார்டு அறிவியல் வரலாற்றில் முனைவர் பட்டப் படிப்பை ஏற்படுத்தியது. வேதியியலாளரான ஜேம்ஸ் பிரையன்ட் கோனண்ட் அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்தார். அங்கு இத்துறையில் முதலில் முனைவர் பட்டம் பெற்றவர் துருக்கியைச் சேர்ந்த அய்தின் சயிலி ஆவார். இசுலாமிய உலகின் அறிவியல் நிறுவனங்கள் பற்றிய ஆய்வுக்காக 1942 இல் அவருக்குப் பட்டம் வழங்கப்பட்டது. அவர் நாடு திரும்பி அங்காரா பல்கலைக்கழகத்தில் இத்துறையை வளர்த்தார். 1947 இல் பட்டம் பெற்ற ஐ. பெர்னார்ட் கோகன், நியூட்டன் ஆய்வில் பெரும்புகழ் பெற்றார். 1953 இல் ஐசிஸ் இதழின் ஆசிரியர் பொறுப்பையும் ஏற்றார். அறிவியல் சமூகவியலின் முன்னோடியான ராபர்ட் மெர்ட்டனும் மாணவப் பருவத்தில் சார்ட்டனின் துணையைப் பெற்றவர். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அறிவியலைப் பற்றிய அவருடைய ஆய்வு, 1938 இல் சார்ட்டனின் ஒசைரிஸ் தொடரில் முதலில் வெளியானது.

சார்ட்டன் 1940 இல்தான் ஹார்வார்டில் பேராசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 56. 1951 இல் ஓய்வுபெற்றார். அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர்கள் மிகச் சிலரே. அறிவியல் வரலாற்றுக்கெனத் தனி ஆய்வு நிறுவனம் ஒன்று வேண்டும் என்று 1917 இலும் 1938 இலும் கட்டுரைகள் வழியாகக் கோரினார். அவர் விரும்பியவாறு அத்தகைய நிறுவனம் அவர் வாழ்நாளில் அமையவில்லை.

பொதுமக்களுக்கான பணி

அறிவியல் வரலாறு ஆய்வாளருக்கு மட்டும் உரியதன்று என்பது சார்ட்டனின் கொள்கை. பாஸ்டன் நகரின் லோவெல் நிறுவனத்தில் பொதுமக்களுக்கு உரையாற்றினார். பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1930 இல் நிகழ்த்திய உரைகள் அறிவியல் வரலாறும் புதிய மனிதநேயமும் என்ற நூலாக 1931 இல் வெளிவந்தன. அவருடைய கருத்துகளைச் சுருக்கமாக அறிய விரும்புவோர்க்கு இச்சிறுநூல் ஏற்றதாகும். 1948 இல் அறிவியலின் வாழ்வு என்ற கட்டுரைத் தொகுப்பு வெளிவந்தது.

இவர் கூறிய புதிய மனிதநேயம் இருவேறு குழுவினரை இணைக்க முயன்றது. ஒரு குழுவினர் இலக்கியமும் கலையும் மட்டுமே மனிதப் பண்பாடு எனக் கருதினர். மற்றொரு குழுவினர் தம் அறிவியலின் கடந்த காலத்தை அறியத் தேவையில்லை எனக் கருதினர். அறிவியலும் மனிதப் படைப்பே என்றும், அதன் வரலாற்றை அறியும்போது அது பண்பாட்டின் பகுதியாகிறது என்றும் சார்ட்டன் வாதிட்டார். மனிதச் செயல்களுள் அறிவியலே உண்மையில் படிப்படியாகச் சேர்ந்து வளர்வது என்றும், அது எந்த ஒரு நாட்டுக்கோ இனத்துக்கோ உரியதன்று என்றும் நம்பினார். இரு உலகப் போர்களில் தாய்நாடு ஆக்கிரமிக்கப்பட்டதைக் கண்டவர் அவர். பெல்ஜியத்தில் அச்சாகி வந்த ஐசிஸ், 1940 ஆம் ஆண்டுப் படையெடுப்பால் மீண்டும் தடைப்பட்டு, அமெரிக்காவில் அச்சிடப்பட வேண்டியதாயிற்று. நாடுகளின் ஒற்றுமைக்கு அறிவியல் வரலாறு துணைநிற்கும் என்ற அவருடைய நம்பிக்கை அதன் பின்னரும் குறையவில்லை.

திறனாய்வுகள்

சார்ட்டனின் வரலாற்றுப் பார்வை அவர் காலத்திலேயே கேள்விக்கு உள்ளானது. அவர் அறிவியலை உண்மைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் வளர்ச்சியாகக் கண்டார். இன்று சரி என ஏற்கப்படுவதற்கு முன்னுரிமை அளித்தார். சோதிடம், மாயவித்தை முதலியவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்கினார்.

1950 இல் ஐசிஸ் இதழில், மண்டேயர் என்னும் மேற்காசியச் சமயத்தாரின் சோதிட நூல் பதிப்பு ஒன்றைச் சார்ட்டன் மதிப்பிட்டார். அந்நூலின் உள்ளடக்கத்தை இழிவானதாகக் குறிப்பிட்டார். பண்டைய கணித, வானியல் ஆய்வில் முன்னணியில் இருந்த ஓட்டோ நியூகபவர் இதற்கு மறுப்பு எழுதினார். வானியல் அறிவு ஒரு நாகரிகத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்ற வழியை அறிய இத்தகைய நூல்களே சான்று என்பதும், பழையோர் எதை நம்பினர் என்பதை அறியாமல் அவர்களுடைய அறிவியலை அறிய முடியாது என்பதும் அவருடைய வாதமாகும். தம்மையே கண்டித்த அம்மறுப்பைச் சார்ட்டன் 1951 இல் தம் இதழிலேயே வெளியிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் இவ்விவாதத்தில் பெரும்பாலும் நியூகபவரின் பக்கமே நின்றனர்.

1950களிலும் அதன் பின்னரும் அலெக்சாந்தர் கொய்ரே, தாமஸ் கூன் ஆகியோரின் எழுத்துகள் இளைய ஆய்வாளர்களை ஈர்த்தன. பழைய அறிவியலை அதன் காலச் சூழலிலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்கள் காட்டினர். 1962 இல் வெளியான கூனின் அறிவியல் புரட்சிகள் பற்றிய நூல், அறிவியல் சேர்ந்து வளர்கிறது என்ற எளிய படத்தையே மறுத்தது. சார்ட்டனின் அறிமுகம் தொடர்ச்சியாகப் படிக்கும் நூலாக அன்றி, தேடிப் பார்க்கும் குறிப்பு நூலாக மாறியது.

இறுதிக்காலம்

மேபல் சார்ட்டன் 1950 இல் காலமானார். ஓய்வுக்குப் பின்னரும் சார்ட்டன் எழுதுவதை நிறுத்தவில்லை. தம் ஹார்வார்டு விரிவுரைகளை அடிப்படையாகக் கொண்டு அறிவியல் வரலாறு என்ற புதிய வரிசையைப் பொது வாசகர்க்காகத் திட்டமிட்டார். கிரேக்கப் பொற்காலம் வரையிலான முதல் தொகுதி 1952 இல் வெளிவந்தது. இரண்டாம் தொகுதி அவர் மறைவுக்குப் பின் 1959 இல் வெளியானது. எஞ்சியவை எழுதப்படவில்லை.

1952 இல் மாணவர்க்கு வழிகாட்டும் ஹோரஸ் என்ற கையேட்டையும் வெளியிட்டார். எகிப்தியத் தொன்மத்தில் ஐசிசின் கணவர் ஒசைரிஸ், மகன் ஹோரஸ். நீண்ட கட்டுரைகளுக்காக 1936 இல் தொடங்கிய ஒசைரிஸ் தொடருடன் இதழும் கையேடும் சேர்ந்து, அக்குடும்பத்தின் மூவர் பெயரும் நிறைவு பெற்றன.

1956 மார்ச் 22 அன்று, மாண்ட்ரியல் நகரில் சொற்பொழிவு ஆற்றுவதற்காகப் புறப்பட்ட நாளில், இதய நோயால் தம் 71 ஆம் வயதில் காலமானார்.

நினைவும் தொடர்ச்சியும்

அறிவியல் வரலாற்றுக் கழகம் 1955 இல் சார்ட்டன் பதக்கத்தை ஏற்படுத்தி, முதல் பதக்கத்தை இவருக்கே வழங்கியது. வாழ்நாள் பணிக்காக வழங்கப்படும் இப்பதக்கம் இத்துறையின் உயரிய சிறப்பாகும். சீன அறிவியல் வரலாற்றை எழுதிய ஜோசப் நீடம் 1968 இல் இதனைப் பெற்றார். சார்ட்டன் பயின்ற கெண்ட் பல்கலைக்கழகத்தில் இவர் பெயரில் பேராசிரியர் இருக்கை உள்ளது. ஹார்வார்டில் அறிவியல் வரலாறு 1966 இல் தனித்துறை ஆனது.

ஐசிஸ் இதழ் ஒரு நூற்றாண்டைக் கடந்து வெளிவருகிறது. ஒசைரிசும் தொடர்கிறது. சார்ட்டன் சிறு தாள்களில் எழுதித் தொடங்கிய நூல்விவரத் தொகுப்பு, பிறர் கைகளில் வளர்ந்து இணையத் தரவுத்தளமாகியுள்ளது. அவருடைய கருத்துகளை மறுக்கும் ஆய்வாளரும் தம் ஆய்வுக்கு முன்னர் வெளியானவற்றை அறிய இத்தொகுப்பையே நாடுகின்றனர்.

முக்கிய நூல்கள்

* அறிவியல் வரலாற்றுக்கு ஓர் அறிமுகம், மூன்று தொகுதிகள் (1927–1948)
* அறிவியல் வரலாறும் புதிய மனிதநேயமும் (1931)
* கணித வரலாற்றுக் கல்வி (1936)
* அறிவியல் வரலாற்றுக் கல்வி (1936)
* அறிவியலின் வாழ்வு (1948)
* அறிவியல் வரலாறு, இரண்டு தொகுதிகள் (1952, 1959)
* ஹோரஸ்: அறிவியல் வரலாற்றுக்கு ஒரு வழிகாட்டி (1952)
* பெர்காமோன் நகரின் காலென் (1954)
* ஆறு சிறகுகள்: மறுமலர்ச்சிக்கால அறிவியலாளர்கள் (1957)